ஆயுதம்: காவலா? கலகமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்திருக்கிற, அந்தப் பக்கம் என்னை எங்கே மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற பேச்சாளப் பெருமக்களே, ராஜபாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சாதாரணக் குடிமகன் கையில் ஆயுதம் இருந்தால் அது காவலா, கலகமா என்பது தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது கலகம். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். "வீட்டுக்கு வீடு ஆயுதம் இருந்திருந்தால் வெள்ளைக்காரன் இந்த மண்ணில் கால் வைத்திருப்பானா?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, வீட்டுக்கு வீடு ஆயுதம் இருந்த காலத்தில்தான் அவன் கால் வைத்தான். அது எப்படி என்று இந்த வட்டாரத்துக் கதையையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ் வாத்தியார் வேறு எங்கே தொடங்குவான்? ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையின் முதல் பாட்டிலேயே நந்தகோபர் கையில் ஒரு வேலைக் கொடுத்து நிறுத்துகிறாள். அவர் ராஜாவா? சேனாதிபதியா? மாடு மேய்க்கிற ஆயர்பாடிக்குத் தலைவர். அவருக்கு எதற்கு வேல்? உரை சொன்ன பெரியவர்கள் அழகாகச் சொல்வார்கள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் பச்சைப் புல்லைக்கூட நோக மிதிக்காத மனுஷன் அவர். பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் பக்கம் ஒரு எறும்பு வந்தாலும் வேலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். (சிரிப்பு) எதிரணி இதை எழுதிக்கொள்வது தெரிகிறது. தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை வைத்திருந்தவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை முடிந்தால் வேல் மூலைக்குப் போய்விடும்.

இப்போது ராஜபாளையத்துக்கு வருகிறேன். பாளையம் என்றால் படை தங்கிய இடம். இங்கிருந்து தென்காசி பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். கண்டக்டர் கூவுகிற பெயரையெல்லாம் கேளுங்கள். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர். சரித்திரப் புத்தகத்தில் பாளையக்காரர் போர் என்ற பாடத்தை டிக்கெட் வாங்கிப் படிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே கொல்லங்கொண்டான். வாசுதேவநல்லூரைத் தாண்டி உள்ளே போனால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார்கள் என்று படித்திருக்கிறோம். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது வழக்கு.

இந்தப் பாளையப் படை எப்படிப்பட்டது? இன்றைக்கு இருக்கிற மாதிரி முகாம், சீருடை, மாதச் சம்பளம் எதுவும் கிடையாது. சேவகனுக்கு ஊழிய மானியமாக நிலம் உண்டு. மழை பெய்தால் ஏரைப் பிடிப்பான், ஓலை வந்தால் ஈட்டியைப் பிடிப்பான். நீண்ட ஈட்டி, வாள், வளரி, நாட்டுத் துப்பாக்கி. நாய்கூடப் படையில் இருந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் குதிரைக்கு எதிராக ராஜபாளையம் நாயை ஏவிவிட்டார்களாம். 2005-இல் தபால் இலாகா அந்த நாய்க்குத் தபால்தலையே போட்டுவிட்டது. மனுஷன் இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறான், நாய்க்கு ஸ்டாம்பு வந்துவிட்டது! (சிரிப்பு, கைதட்டல்)

அமைதிக் காலத்தில் இந்த ஆயுதத்துக்கு என்ன வேலை? அதற்குப் பெயர்தான் காவல். ஒரு ஊருக்குள் பார்க்கிறது ஸ்தல காவல். பல ஊர்களையும் வழித்தடங்களையும் சேர்த்துப் பார்க்கிறது தேச காவல். அறுவடையில் காவல்காரனுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். உங்கள் மாடு களவு போனால் அவன் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் மாட்டின் விலையைக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு இந்த நிபந்தனையை நம்ம போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எழுதிப்போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். (கைதட்டல்) ஆயுதத்தோடு இங்கே இரண்டு கயிறு கட்டியிருந்தது. ஒன்று கூலி, இன்னொன்று ஈடு. அந்த இரண்டும் இருந்தவரைக்கும் அது காவல். நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

சரி, போருக்கு வருகிறேன். 1755-இல் கர்னல் ஹெரான் வருகிறான். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுக்கிறார். 1761-இல் கான்சாகிபு அந்தக் கோட்டையைப் பிடிக்கிறார். அவரும் நம்ம ஆள்தான். மூன்று வருஷம் கழித்து அவரையே மதுரையில் தூக்கில் போட்டார்கள் என்பது தனிக்கதை. 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையோரத்துப் பாளையங்கள் மேல் வருகிறான். வாசுதேவநல்லூரில் இருந்தது மண் கோட்டை. எதிரே இருந்தது பீரங்கி. உடைந்த சுவரைக் குண்டு விழுகிற நேரத்திலேயே அடைத்தார்கள் உள்ளே இருந்தவர்கள். அந்தத் துணிச்சலைக் கேம்பெல்லே வியந்து கடிதம் எழுதியிருக்கிறான். ஆயுதம் இல்லாமலா தோற்றோம்? வீரம் இல்லாமலா தோற்றோம்?

தோற்றதற்குக் காரணம் வேறு. மேற்குப் பாளையங்கள் ஒரு பக்கம், கிழக்குப் பாளையங்கள் ஒரு பக்கம். பூலித்தேவர் கூப்பிட்டபோது கிழக்கு வரவில்லை. கட்டபொம்மன் எழுந்தபோது பக்கத்து எட்டயபுரம் கம்பெனி பக்கம். சிவகிரியில் தகப்பனார் கம்பெனியோடு, மகன் பாஞ்சாலங்குறிச்சியோடு. தேர்தல் நேரத்தில் நம்ம வீட்டில் நடக்கிற மாதிரியே இருக்கிறதா? (சிரிப்பு) எழுபத்திரண்டு பேர் கையிலும் ஆயுதம் இருந்தது. எழுபத்திரண்டு பேரையும் கூட்டி உட்கார வைக்கிற ஒரு திண்ணை இல்லை.

1799 அக்டோபர் 16, கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதை நமக்குச் சினிமா சொல்லிக்கொடுத்துவிட்டது. அதற்கடுத்து நடந்ததைச் சினிமா காட்டவில்லை. மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து வைத்துக்கொண்டுதான் அந்தத் தண்டனையை நிறைவேற்றினான். பிறகு உத்தரவு போட்டான். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஊர் ஊராக ஆயுதம் வாங்கினார்கள். எல்லாம் வந்துவிடவில்லை என்பது 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தெரிந்தது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆறே நாளில் மறுபடியும் எழுந்து நின்றது. ஆறு நாளில் நாம் இன்றைக்கு ஒரு பிளான் அப்ரூவல் வாங்க முடியுமா? அந்தக் கோட்டை மே 24 வரைக்கும் தாக்குப்பிடித்தது.

ஜூன் 16-ஆம் தேதி திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒரு அறிக்கை ஒட்டப்பட்டது. மருது சகோதரர்களின் ஜம்புத்தீவு அறிக்கை. தன் பாளையம், தன் சாதி, தன் சீமை என்ற எல்லையைத் தாண்டி எல்லோரையும் கூப்பிட்ட அறிக்கை அது. அந்தத் திண்ணையைக் கட்டத் தொடங்கினார்கள், காலம் கடந்து தொடங்கினார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரன் அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் நின்றவன். வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்திருக்கிறான். விருந்தாளியாக வந்தபோது கற்றுக்கொண்டான். ஆயுதத்துக்கு நன்றி தெரியாது என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இவர் நம்ம பாடப்புத்தகத்து ராபர்ட் கிளைவின் மகன். சரணடைந்தவர்களுக்கு மன்னிப்பு, பாளையங்களுக்கு நிரந்தர நிலவரி, ஆயுதங்களுக்குத் தடை. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். சேத்தூர் ஜமீன், சிவகிரி ஜமீன் என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்த பெயர். வேலைப் பிடித்த கைக்குக் கணக்குப் பேனா வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய்வருகிறேன், விசா வேண்டாம். 1775 ஏப்ரல் 19-ஆம் தேதி அங்கேயும் இதே வெள்ளைக்காரன் பட்டாளத்தை அனுப்பினான். எதற்கு? கான்கார்டு என்ற ஊரில் குடியானவர்கள் சேர்த்துவைத்திருந்த ஆயுதத்தைப் பறிக்க. அந்தக் குடியானவப் படை திருப்பிச் சுட்டது, சுதந்திரப் போரே தொடங்கிவிட்டது. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் சரணடைந்த ஆங்கிலத் தளபதி யார் தெரியுமா? காரன்வாலிஸ். அங்கே தோற்றவனை 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற அதிகாரத்தை 1792-இல் நவாபிடமிருந்து கம்பெனிக்கு எழுதி வாங்கியது அவர் காலத்து ஒப்பந்தம்தான். அங்கே 1791-இல், ஒழுங்கான மக்கள் படை தேவை என்று சொல்லி, ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இங்கே எட்டு வருஷம் கழித்துப் பானர்மேன் ஆயுதத்தை வண்டியில் ஏற்றினான்.

"பார்த்தீர்களா, அவர்கள் விடவில்லை, நாம் விட்டுவிட்டோம்" என்று எதிரணி அடுத்துச் சொல்லும். சொல்லட்டும். அந்தச் சட்டத்தில் 'மக்கள் படை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது என்ன ஆயிற்று? படை போய்விட்டது. ஊர் கூடிப் பயிற்சி எடுக்கிற அந்த ஏற்பாடு காலப்போக்கில் கழன்றுவிட்டது. 2008-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், படையில் சேர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தனி மனிதனுக்கே அந்த உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கடமை கழன்றது, துப்பாக்கி மட்டும் மிச்சம். 2022-இல் டெக்சாஸ் மாநிலத்தில் உவால்டி என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 18 வயதுப் பையன் ஒருத்தன் கடையில் முறைப்படி வாங்கிய துப்பாக்கியோடு நுழைந்தான். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். இதற்கு நான் கைதட்டல் எதிர்பார்க்கவில்லை.

மறுபடியும் நம்ம ஊருக்கு வருவோம். ஆயுதத்தைப் பறித்த பிறகு இங்கே ராமராஜ்யம் வந்துவிட்டதா? இல்லை. கம்பெனி பறித்தது ஆயுதத்தை மட்டும் இல்லையே. காவல் கூலியையும் ஊழிய நிலத்தையும் சேர்த்துப் பறித்தது. திருநெல்வேலிச் சீமையில் கலெக்டராக இருந்த லூஷிங்டன், காவல் கூலி என்ற பெயரில் நடப்பது பறிப்புத்தான் என்று வாதாடினார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 1816-இல் ஒரு சட்டம் போட்டு ஊர்க் காவலைக் கிராம முன்சீப், தலையாரி கையில் கொடுத்தார்கள். 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காவல் தொழில் பார்த்தவன் என்ன செய்வான்? 'துப்புக்கூலி' என்று ஒரு சொல் நம்ம தாத்தாக்களுக்குத் தெரியும். ராத்திரி மாடு காணாமல் போகும். காலையில் ஒருத்தன் வந்து, "அண்ணாச்சி, இவ்வளவு கொடுத்தால் மாடு இருக்கிற இடத்துக்குத் துப்புச் சொல்றேன்" என்பான். கொடுத்தால் சாயங்காலம் மாடு தொழுவத்தில் நிற்கும். கூலி இருந்தது, ஈடு போய்விட்டது. ஒரு கயிறு அறுந்தாலே இந்தக் கதி. 1896-இல் திண்டுக்கல் பக்கம் காவல்காரர்களுக்கு எதிராகக் குடியானவர்களே திரண்டு எழுந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய காவலைப் பற்றிப் பெருமை பேசுகிறோமே, அந்த வேல் யார் கையில் இருந்தது? யார் கையில் இருக்கவே விடவில்லை? ஊருக்குக் காவல் இருந்தது. சேரிக்குக் காவல் எது? இதைக் கேட்காமல் காவலைப் பாடுகிறவன் பாதிச் சரித்திரம்தான் படித்திருக்கிறான். 1990-களில் நம்ம தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்கள் இங்கே இருக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும். வீச்சரிவாள், வேல்கம்பு, நாட்டு வெடிகுண்டு. எந்தத் தெருவில் கேட்டாலும், "எங்க தெருவைக் காப்பாத்திக்கத்தான் வச்சிருக்கோம்" என்றுதான் சொன்னார்கள். கலகம் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தனும் அரிவாள் தீட்டுவதில்லை. காவல் என்றுதான் தீட்டுகிறான்.

அதற்காக ஆயுதம் முழுவதும் சர்க்கார் கையில் இருந்துவிட்டால் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. காவல் தொழில் பறிபோன குடும்பங்களின் பிள்ளைகளையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தினார்கள். கைரேகை வை என்றார்கள். உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது, 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டப்படியான துப்பாக்கிக்கும் ஈடு கேட்க ஆள் வேண்டும்.

இந்த நியாயம் நம்ம தலைவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1878-இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அதே வருஷம்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டான். கையையும் கட்டினான், வாயையும் கட்டினான். 1887-இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ், அந்த ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அகிம்சையின் திருவுருவம் காந்தியடிகள், அவர் என்ன செய்தார்? 1930 ஜனவரியில் அவர் அரசாங்கத்தின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரி ஒன்று, மதுவிலக்கு ஒன்று. தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடு, அதை ஜனங்களின் கட்டுப்பாட்டில் வை என்பதும் ஒன்று. 'ஜனங்களின் கட்டுப்பாட்டில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதுதான் அந்த ஈடு. 1931-இல் கராச்சி காங்கிரஸ் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகனின் அடிப்படை உரிமை என்றே எழுதிவிட்டது.

பதினேழு வருஷம் கழித்து, 1948 டிசம்பர் தொடக்கத்தில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் எழுந்து, "கராச்சியில் சொன்னோமே, அரசியல் சட்டத்தில் சேருங்கள்" என்றார். அம்பேத்கர் பதில் சொன்னார். வெள்ளைக்காரன் ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய கோபத்தில் போட்ட தீர்மானம் அது, இப்போது நிலைமை மாறிவிட்டது என்றார். நாட்டுக்காக ஆயுதம் எடுப்பது குடிமகனின் கடமை என்று வலியுறுத்தலாம், தனி மனிதனின் உரிமை என்று எழுதினால் கொள்ளைக்காரனும் அந்த உரிமையைக் கேட்பான் என்பது அவர் வாதம். காமத்தின் திருத்தம் தோற்றது. அம்பேத்கர் 'கடமை' என்று சொன்னாரே, நான் கூலி, ஈடு என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கூட்டம் கூடலாம், அமைதியாகக் கூடலாம், ஆயுதம் இல்லாமல் கூடலாம் என்றுதான் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தை ஆண்டவர் யார்? உங்கள் ஊர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. தான் குடியிருந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு எழுதிக் கொடுத்த மனுஷர். (நீண்ட கைதட்டல்)

சர்க்காரே இதை மறந்து ஒரு காரியம் செய்தது. 2005 வாக்கில் சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கச் 'சல்வா ஜூடும்' என்று கிராமத்து ஆட்களையே திரட்டிவிட்டார்கள். பழங்குடி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் என்று சேர்த்துக் கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். மதிப்பூதியம் உண்டு, பயிற்சி சரியாக இல்லை, கேட்பார் இல்லை. ஊர்கள் காலியாயின, வீடுகள் எரிந்தன. 2011 ஜூலை 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அப்படி ஆயுதம் கொடுப்பதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுத்தியது.

அப்படியானால் நம்ம பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. இந்த மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்க வழி இருக்கிறது. துப்பாக்கி இருக்கிறதே என்று காட்டு மிருகத்தைச் சுட்டுவிட முடியாது, அதற்கு வனச் சட்டம் தனியாக நிற்கிறது. எத்தனை தோட்டா வாங்கினீர்கள், எத்தனை செலவாயிற்று என்று கணக்கு வேண்டும். தேர்தல் தேதி அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரசீது கொடுப்பார்கள். தேர்தல் முடிந்த பிறகு அந்த ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "ஐயா, காட்டுப்பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாதே" என்று ஒரு தோப்புக்காரர் என்னிடம் புலம்பினார். (பலத்த சிரிப்பு) புலம்பினாலும் ரசீதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தார்.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். அவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அது. வணக்கம்.